ஆற்றங்கரை வீடும் கடற்கரை வீடும்: குமரி மாவட்டத்தில் வாங்குவோருக்கும் விற்போருக்கும் வெள்ளக் காப்பீட்டுக் கணக்கு

குழித்துறையில் ஆற்றோரம் 10 சென்ட், மணக்குடியில் காயலைப் பார்த்த மாடி வீடு, குளச்சலுக்குப் பக்கம் அலைச்சத்தம் கேட்கிற தோப்பு வீடு. இப்படி ஒன்றை விலை பேசி, அட்வான்ஸும் கொடுத்து, ஆதாரம் (கிரயப் பத்திரம்) எழுதும் நாள் நெருங்கும்போதுதான் பலருக்கும் இன்சூரன்ஸ் நினைவுக்கு வருகிறது. அதுவும் பேங்க்காரர் கேட்டால்தான். அப்போது பிரீமியம் கூடுதலாக இருந்தாலும், நிறுவனம் நிபந்தனை போட்டாலும், பேசிய விலையைத் திருத்த வழியில்லை. காப்பீட்டுக் கணக்கை அட்வான்ஸுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். விற்பவரும் வீட்டை விற்கப்போவதாக ஊரில் சொல்லும் முன்பே போட வேண்டும்.

பாலிசி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது

நம் நாட்டில் வீட்டுக்காரர் வெள்ளத்துக்கென்று தனி பாலிசி தேட வேண்டியதில்லை. வீட்டுக் காப்பீட்டுக்குள்ளேயே வெள்ளமும் வருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசியை ஒரே வாசகத்தில் நிறுவனங்கள் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதித்தது. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் இதில் அடங்கும். வீட்டுக் கட்டடத்துக்கு எடுத்தால், உள்ளே இருக்கும் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பட்டியல் கொடுக்காமலே சேர்ந்துவிடும். நகை, ஓவியம் போன்றவற்றுக்குத் தனியாகச் சொல்லி எடுக்க வேண்டும். கார், பைக் அதனதன் வாகன பாலிசியில் வரும். நிலத்தின் விலை எதிலும் வராது.

நீர்க்கரை வீட்டுக்காரர் உரக்கப் படிக்க வேண்டிய இடம் நிலம் தாழ்வது, சரிவது பற்றிய பிரிவு. நிலம் தாழ்ந்து வீடு சேதமானால் பணம் உண்டு என்று சொல்லிவிட்டு, அதன் கீழே விலக்குகளை அடுக்கியிருப்பார்கள். அந்த வரிசையில் கடலரிப்பும் ஆற்றரிப்பும் இருக்கின்றன. மண்ணிட்டு நிரப்பிய நிலம் இறங்குவதும் இருக்கிறது. புதுக்கட்டடம் அமர்ந்து விரிசல் விடுவது, குறையான வடிவமைப்பு, மட்டமான கட்டுமானப் பொருள் ஆகியவையும் கூடவே வருகின்றன.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரி நீர் திறந்து, ஆறு பெருகி, வீட்டுக்குள் மூன்றடி தண்ணீர் நின்று, கதவு ஊறி, சுவர் பெயர்ந்தால் அது வெள்ளம். பணம் கிடைக்கும். அதே ஆறு நான்கு மழைக்காலமாகக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஐந்தாவது ஆண்டு சமையலறை மூலை இறங்கினால் அது அரிப்பு. கிடைக்காது. வள்ளவிளை, நீரோடி, இரவிபுத்தன்துறைப் பக்கம் கடல் வீட்டு வாசலை எடுப்பதும் அரிப்புதான். வயலை நிரப்பிக் கட்டிய வீடு மழையில் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அதே பதில். ஆண்டுக்கு இரண்டாயிரமா நான்காயிரமா என்று பிரீமியத்தைப் பற்றி வாதிடுகிற வீட்டில், உண்மையான ஆபத்துக்குப் பாலிசியே கிடையாது என்ற நிலை இருக்கக்கூடும். தண்ணீர் வந்து போகிற இடமா, நிலமே போகிற இடமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மற்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கடன் எடுக்கும்போது பேங்க்கில் 'லோன் இன்சூரன்ஸ்' என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்கு எடுத்த பாலிசி தனியாக இருக்கிறதா, எந்த எண், எவ்வளவு தொகை என்று கேட்டு நகலைக் கையில் வாங்குங்கள். கடன் இருக்கும்வரை இழப்பீட்டில் பேங்க்குக்கு முதல் உரிமை உண்டு என்பதும் அந்தத் தாளில் எழுதியிருக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கே முடிவெடுக்க வேண்டாம். அங்கே அரசே நடத்தும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தனி. 2021 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு வீட்டின் ஆபத்தையும் தனித்தனியாகக் கணித்து விலை போடுகிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்குப் பிரீமியம் ஒரே ஆண்டில் 18 சதவீதத்துக்கு மேல் கூடாமல் பெரும்பாலோருக்கு உச்சவரம்பு உண்டு. விற்பவரின் பாலிசியை வாங்குபவர் பெயருக்கு மாற்றவும் முடியும். அதனால் அங்கே பழைய பாலிசியும் வீட்டு விலைக்கு வலுச் சேர்க்கும். இங்கே அப்படி இல்லை. வீடு கைமாறினால் விற்றவருக்கு அந்த வீட்டில் காப்பீட்டு உரிமை போய்விடும். வாங்கியவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. விற்பவர்கள் வீட்டைக் காட்டுவது பெரும்பாலும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும். அப்போது ஆறு முழங்கால் அளவில் ஓடும், கடல் பின்வாங்கி மணல் விரிந்து கிடக்கும். ஒரு முறையாவது ஜூலையிலோ நவம்பரிலோ போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அறியுங்கள். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலைத் தொடுகின்றன. மேலே பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. பேச்சிப்பாறை உபரி நீர் திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். அந்தச் செய்தி வந்த ஆண்டுகளின் தேதிகளைக் குறித்துக்கொண்டு, அன்று இந்த வீட்டில் என்ன நடந்தது என்று அண்டை வீடுகளில் கேளுங்கள். பழையாறு சுருளோட்டில் தொடங்கி, பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் கடந்து மணக்குடியில் முடிகிறது. இங்கே பொழிமுகத்தை, அதாவது ஆறு கடலில் சேரும் வாயைக் கவனிக்க வேண்டும். மணல்திட்டு பொழியை அடைத்திருக்கும் நேரத்தில் மேலே மழை கொட்டினால், பொழி வெட்டும் வரைக்கும் தண்ணீர் பின்னோக்கி ஏறி நிற்கும். ஆறு கரை புரளாமலே முற்றத்தில் தண்ணீர் தேங்கும் வீடுகள் இப்படித்தான் உண்டாகின்றன.

கேட்கும்போது பொதுவாக 'வெள்ளம் வருமா' என்று கேட்டால் 'அதெல்லாம் வராது' என்றுதான் பதில் வரும். 2021 நவம்பரில் எந்தப் படிவரை ஏறியது, 2023 டிசம்பரில் எத்தனை நாள் நின்றது, 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் எந்தப் பக்கத்து மதில் விழுந்தது என்று தேதி சொல்லிக் கேளுங்கள். தேதியோடு கேட்டால் மனிதர்களுக்கு நினைவு வரும்.

இடத்தின் பெயரும் ஒரு சாட்சி. 'விளை' என்று முடியும் இடங்கள் பெரும்பாலும் மேட்டு நிலம். ஏலா (வயல்வெளி), பள்ளம், குளம் என்று முன்னாதாரத்திலோ (முந்தைய பத்திரத்திலோ) எல்லை விவரத்திலோ வந்தால், அங்கே முன்பு தண்ணீர் நின்றிருக்கிறது. பழைய திருவிதாங்கூர் காலத்து முன்னாதாரம் மலையாளத்தில் இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்த ஆதார எழுத்தரிடம் கொடுத்து, நிலத்தின் வகை என்ன என்று கேளுங்கள். வயலாக இருந்து பின்னர் புரையிடமாக (வீட்டு மனையாக) மாறியிருந்தால், எவ்வளவு உயரம் மண் நிரப்பினார்கள், எந்த ஆண்டு, அஸ்திவாரம் இயற்கை மண் வரைக்கும் இறங்கியிருக்கிறதா என்று விசாரியுங்கள். நிரப்பிய மண் இறங்குவதற்குப் பாலிசி பொறுப்பேற்காது என்பதை மேலே பார்த்தோம்.

தளமட்டத்தை அளக்க என்ஜினீயர் கருவி வேண்டியதில்லை. மேஸ்திரிமார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். அரை அங்குல, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் 20 மீட்டர் எடுத்து, ஒரு முனையை வாளிக்குள் வைத்து மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள். அண்டை வீட்டுச் சுவரிலோ மின்கம்பத்திலோ எல்லோரும் ஒப்புக்கொள்கிற வெள்ள அடையாளத்தில் ஒரு முனைத் தண்ணீரைப் பொருத்துங்கள். மறுமுனையை நீங்கள் பார்க்கும் வீட்டுச் சுவரில் பிடித்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள உயரம்தான் நீங்கள் தேடும் எண். குழாயில் ஒரே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு அங்குலக்கணக்கில் பிசகும். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும், விரலால் அடைத்தபடி படிக்கக் கூடாது. தூரம் 20 மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு சுவரில் குறி வைத்து இரண்டு கட்டமாகக் கொண்டுபோங்கள். அதிவேகமாக ஓடும் ஆற்றில் மேல்பக்க அடையாளத்துக்கும் கீழ்பக்க அடையாளத்துக்கும் வித்தியாசம் இருக்கும். அதனால் வீட்டுக்கு நேரெதிரே, அதிகத் தூரமில்லாத அடையாளத்தையே எடுங்கள்.

வீட்டுக்குள் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் கண்ணைக் கீழே கொண்டுபோங்கள். கதவு நிலையின் அடிமரம் ஊதியிருக்கிறதா, மர அலமாரியின் கீழ்த்தட்டு மட்டும் புதிதா, பிளக் பாயின்ட்டுகளைத் தரையிலிருந்து நாலரை அடிக்கு யாரோ உயர்த்தியிருக்கிறார்களா? சுவரில் ஒரே உயரத்தில் உப்புப் பூத்திருந்தால் அது தண்ணீர் நின்ற கோடு. காயலோரத்தில் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். அப்படித் துருவேறிக் கான்கிரீட் பொரிவது தேய்மானக் கணக்கில் போகும், அதற்கும் பாலிசியில் பணமில்லை.

கடற்கரை வீட்டுக்கு வேறு அளவுகோல். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் திருப்பிப் பார்த்து, மதிலிலிருந்து அலைக்கோடு வரையிலான தூரத்தை ஆண்டுவாரியாக எழுதுங்கள். எல்லாப் படங்களும் ஒரே மாதத்தினவாக இருக்க வேண்டும். ஜனவரிப் படத்தையும் ஜூலைப் படத்தையும் ஒப்பிட்டால் கடற்கரை பருவத்துக்கு ஏற்பச் சுருங்குவதும் விரிவதும்தான் தெரியும், அரிப்பு தெரியாது. பத்தாண்டில் 10 மீட்டர் போயிருந்து 20 மீட்டர் மீதமிருந்தால், கணக்குப்படி இருபது வருடம் என்று நினைக்கத் தோன்றும். கடல் அப்படிச் சமமாக எடுக்காது. ஒரே பருவத்தில் ஐந்து மீட்டர் போகலாம். பக்கத்தில் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) இருந்தால் வீடு அதன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மணல் சேரும் பக்கம் நிம்மதி. மறுபக்கம் அரிப்பு கூடும். புதிதாகத் தூண்டில் வளைவு வரப்போகிறது என்று சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

இதோடு எல்லையும். தமிழ்நிலம் இணையதளத்தில் பட்டாவும் புலப்படமும் (நில அளவை வரைபடம்) எடுத்து, சர்வேயரை வைத்து அளந்து கல் போடுங்கள். ஆற்றோர மதிலும் படித்துறையும் ஆற்றுப் புறம்போக்கில் நின்றால், உங்களுக்கு உரிமையில்லாத இடத்தில் நிற்கும் கட்டுமானத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சிஆர்இசட். கடல் ஓதத்தால் தண்ணீர் ஏறி இறங்கும் ஆற்றோரங்களுக்கும் அது பொருந்தும். கட்டட அனுமதி எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்ற தாளைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெள்ளத்தில் இடிந்தால் அதே இடத்தில் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்குமா என்பதும் அந்தத் தாளைப் பொறுத்ததுதான்.

கொட்டேஷன் வாங்குவது

பிரீமியம் ஏன் கூடுகிறது என்று தெரிந்தால் எங்கே பேசலாம் என்பதும் தெரியும். முதல் காரணம் கட்டுமானச் செலவு. எம்-சாண்ட், கம்பி, கூலி ஏறினால் திரும்பக் கட்டும் செலவு ஏறும், காப்பீட்டுத் தொகை ஏறும், பிரீமியமும் ஏறும். பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாகவே உயரும்படி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, நிறுவனங்கள் தங்கள் பொறுப்பைப் பங்கிட்டுக்கொடுக்கும் மறுகாப்பீட்டுச் செலவு. அந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஏப்ரல் 1-ல் புதுப்பிக்கப்படும். பிப்ரவரியில் வாங்கிய கொட்டேஷன் மே மாதம் செல்லாமல் போகலாம் என்பதற்கு இது ஒரு காரணம். மூன்றாவது, அந்த இடத்தில் முன்பு எடுத்த கிளெய்ம். இதன் விளைவு பிரீமியத்தில் மட்டும் தெரிவதில்லை. நேரில் வந்து பார்த்துத்தான் தருவோம் என்பார்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகையை உயர்த்துவார்கள். சில இடங்களுக்கு வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள்.

நான்கு பொதுத்துறை நிறுவனங்களில் இரண்டு, தனியாரில் ஒன்று என்று மூன்று இடத்திலாவது கேளுங்கள். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகியவையே அந்த நான்கும். ஆன்லைனில் பின்கோடு போட்டு வரும் எண்ணை நம்பி விலை பேச வேண்டாம். ஒரே பின்கோடுக்குள் மேட்டு விளையும் ஆற்றங்கரையும் இருக்கும். ஆற்றிலிருந்து தூரம், தரை உயரம், கட்டிய ஆண்டு, கூரை வகை, முந்தைய வெள்ளம் எல்லாம் எழுதிக்கொடுத்து, எழுத்துமூலம் கொட்டேஷன் வாங்குங்கள். விண்ணப்பத்தை ஏஜென்ட்டிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். 'முன்பு வெள்ளச் சேதம் உண்டா' என்ற கேள்விக்கு அவர் 'இல்லை' என்று டிக் போட்டால், கிளெய்ம் நாளில் உண்மையை மறைத்தவர் நீங்கள் என்றுதான் ஆகும்.

தொகையைச் சரியாகச் சொல்வது பாதி வேலை. உதாரணத்துக்கு, 8 சென்டில் 1,200 சதுர அடி உட்பரப்பு வீடு, கேட்கும் விலை 70 லட்சம் என்று வைப்போம். 70 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால் நிலத்துக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டுகிறீர்கள், திரும்ப வராது. இன்று திரும்பக் கட்ட சதுர அடிக்கு 2,200 ரூபாய் ஆகும் என்று உள்ளூர் என்ஜினீயர் எழுதிக்கொடுத்தால், 26.4 லட்சம். அதோடு மதில், கேட், தடுப்புச்சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல் ஆகியவற்றின் செலவையும் கூட்டுங்கள். இவையும் கட்டடத்தின் பகுதியாகவே வரும். நீர்க்கரை வீட்டில் முதலில் விழுவது மதில்தான். அதைக் கணக்கில் விடுவது நம் ஊரில் வழக்கமாக நடக்கிற பிழை. ஓலை, தார்ப்பாய், பலகைக் கொட்டகைகள் கச்சாக் கட்டுமானம் என்று விலக்கப்படும். ஆற்றோரத்தில் ஓலை வேய்ந்த படகுக்கொட்டகைக்கு விற்பவர் பெரிய விலை சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

பாரத் கிருஹ ரக்ஷாவில் தொகை குறைவாக எடுத்ததற்காக இழப்பீட்டை விகிதப்படி வெட்ட மாட்டார்கள். பேங்க் வழியாக வரும் வேறு பேக்கேஜ் பாலிசிகளில் அந்த வெட்டு இருக்கலாம். அப்படி இருந்தால், 30 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை 15 லட்சத்துக்கு எடுத்திருக்கும்போது, 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் கிடைக்கும். எந்தப் பாலிசி என்று பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பரில் வந்த விலக்கு வீட்டுக் காப்பீட்டுக்கு இல்லை. ஒன்றிலிருந்து 10 ஆண்டு வரை சேர்த்தும் பாலிசி எடுக்கலாம். நடுவில் பிரீமியம் ஏறினாலும் உங்களைத் தொடாது. அந்த வீட்டிலேயே இருக்கப்போகிறவர் நீண்டகாலத்துக்கு எடுப்பது நல்லது என்பதே எங்கள் கருத்து. வளைகுடாவில் வேலை, வீடு பூட்டிக் கிடக்கும் என்றால், தொடர்ந்து ஆளில்லாமல் இருப்பதைப் பற்றிய நிபந்தனையைப் படித்து, நிறுவனத்துக்கு மெயிலில் தெரிவித்துப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

விலையில் எவ்வளவு குறைக்கக் கேட்கலாம்

மேட்டில் இருக்கும் அதே அளவு வீட்டைவிட இந்த வீட்டுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் கூடுதல் பிரீமியம் என்று கொட்டேஷன் சொல்கிறது என வைப்போம். அந்தக் கூடுதல் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினாலும், பத்தாண்டில் மொத்தம் சுமார் 55,800 ரூபாய். 70 லட்சம் விலையில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. இன்சூரன்ஸ் ஏறிவிட்டது, ஐந்து லட்சம் குறையுங்கள் என்று கேட்கும் வாங்குபவரிடம் கணக்கு இல்லை. சில ஆயிரம்தானே என்று தோளைக் குலுக்கும் விற்பவரிடமும் கணக்கு இல்லை, ஏனென்றால் பெரிய தொகை பாலிசிக்கு வெளியே இருக்கிறது.

மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். முதல் வரியில் பத்தாண்டுக் கூடுதல் பிரீமியம். இரண்டாவதில் நிறுவனம் நிபந்தனையாகக் கேட்கும் அல்லது நீங்களே செய்தாக வேண்டிய வேலைகள்: மின்பலகையையும் பிளக்குகளையும் வெள்ளக்கோட்டுக்கு மேலே ஏற்றுவது, செப்டிக் குழாயில் தண்ணீர் திரும்பி வராத நான்-ரிட்டர்ன் வால்வு, ஆற்றோரத் தடுப்புச்சுவர். சுவருக்கு என்ஜினீயரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள். நீர் வடியும் துவாரங்கள் இல்லாத தடுப்புச்சுவர் வெள்ளம் இறங்கும்போதுதான் விழும். ஆற்றில் தண்ணீர் சட்டென வற்றி, சுவருக்குப் பின்னால் ஊறிய மண்ணின் பாரம் மட்டும் மிஞ்சுவதே காரணம். ஏற்கெனவே சுவர் இருந்தால் துவாரங்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று குச்சி விட்டுப் பாருங்கள். மூன்றாவது வரி பாலிசி ஏற்காத அரிப்பும் நிரப்பு நிலமும். இதற்கு எண் போட முடிந்தால் போட்டு விலையில் கழியுங்கள். கடல் மதிலை நெருங்கிவிட்டது, புலப்படத்தில் இருக்கும் நிலத்தில் பாதி கண்முன்னே இல்லை என்றால், எந்தக் கழிவும் அதை ஈடுகட்டாது. அந்த வீட்டை வாங்க வேண்டாம்.

முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் இதற்கெல்லாம் மேல் வரும். அரசு வழிகாட்டி மதிப்பு வெள்ளத்தைப் பார்த்துக் குறையாது. நீங்கள் பேசிக் குறைத்த விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனாலும், தீர்வை வழிகாட்டி மதிப்புக்கே கட்ட வேண்டிவரும். அதையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள்.

விற்பவருக்கு

வெள்ளம் ஏறிய கோட்டின் மேல் வெள்ளையடிப்பது விற்பவருக்கே கேடு. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத முக்கியக் குறையை, விற்பவர் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. மறைத்து விற்றால் பதிவோடு விவகாரம் முடியாது.

ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். கடந்த ஐந்தாண்டுப் பாலிசி நகல்கள், எடுத்த கிளெய்ம்களின் கடிதங்கள், அந்தப் பணத்தில் செய்த பழுதுபார்ப்பின் பில்கள், தேதி தெரியும் வெள்ளப் படங்கள், தரை உயரத்தை வெள்ளக்கோட்டோடு ஒப்பிட்டு உரிமம் பெற்ற என்ஜினீயர் எழுதிய சான்று, இந்த ஆண்டுக்கான எழுத்துமூலக் கொட்டேஷன். இழப்பீடு வாங்கிவிட்டுப் பழுதுபார்க்காமல் விட்டிருந்தால் விற்கும் முன் செய்துவிடுங்கள். புது நிறுவனம் நேரில் வந்து பார்க்கும்போது அந்த விரிசல்தான் முதலில் கண்ணில் படும். 2021-ல் முற்றம்வரை வந்தது, வீட்டுக்குள் ஏறவில்லை, இதோ படம் என்று சொல்ல முடிந்த வீட்டுக்கு, 'வெள்ளமே வராது' என்று சொல்லும் வீட்டைவிடப் பேரம் குறைவாகவே நடக்கும்.

நீண்டகாலப் பாலிசி மீதமிருந்தால் பதிவு முடிந்த பிறகு ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேட்டு வாங்கலாம். பதிவுக்கு முன் ரத்து செய்யாதீர்கள்.

அட்வான்ஸுக்கும் பதிவுக்கும் இடையில்

ஒப்பந்தம் போட்டு ஆறு மாதம் தவணை என்றால் நடுவில் ஒரு மழைக்காலம் நிச்சயம் வரும். அந்த இடைவெளியில் வீடு விற்பவருடையது, சேதமும் அவருடையது. பதிவான நொடியிலிருந்து வாங்கியவருடையது. ஒப்பந்தத்தில் இவற்றை எழுதுங்கள்: பதிவு நாள்வரை விற்பவர் பாலிசியை நடப்பில் வைத்திருப்பார், வெள்ளத்தால் சேதமானால் அவர் செலவில் சரிசெய்வார், அல்லது என்ஜினீயர் மதிப்பிட்ட தொகை விலையில் கழியும், இன்ன தொகைக்கு மேல் சேதமானால் வாங்குபவர் அட்வான்ஸைத் திரும்பப் பெற்று விலகலாம், இன்ன தேதிக்குள் வீட்டுக் காப்பீடு கிடைக்கவில்லை என்றாலும் விலகலாம். கடைசி வாசகத்தைச் சேர்க்க விற்பவர் மறுத்தால், ஏன் என்று கேட்க வேண்டிய இடம் அது.

வாங்குபவரின் பாலிசி பதிவு நாளன்றே தொடங்க வேண்டும். சனிக்கிழமை பால் காய்ச்சிவிட்டுத் திங்கட்கிழமை இன்சூரன்ஸ் பார்க்கலாம் என்று விட்டால், நடுவில் பெய்யும் மழை யாருடைய பாலிசியிலும் சேராது. பதிவுக்கு முன்பே சாவி வாங்கிக் கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் கொண்டுவந்து வைத்தால், அவை விற்பவரின் பாலிசியில் வராது. அவசரமென்றால் பொருட்களுக்கு மட்டும் உங்கள் பெயரில் தனியாக எடுங்கள். ஏற்கெனவே தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்ட வெள்ளத்துக்கு யாரும் பாலிசி தரமாட்டார்கள். மே மாத இறுதிக்குள், தவறினால் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

புது வீட்டில் முதல் வெள்ளம்

மெயின் சுவிட்சை அணைத்த பிறகே தண்ணீரில் இறங்குங்கள். தண்ணீர் நிற்கும்போதே, அளவுநாடாவைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு அறையையும் படமெடுங்கள். வடிந்த பிறகு எடுத்த படத்தில் உயரத்தை நிரூபிப்பது கஷ்டம். அன்றே நிறுவனத்துக்குப் போனிலும் மெயிலிலும் தெரிவித்து கிளெய்ம் எண் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் பார்க்கும்வரை கெட்ட பொருளை வெளியே எறிய வேண்டாம். நாற்றம் தாங்காமல் எறிய வேண்டியிருந்தால் படமெடுத்து, மாடல் எண் உள்ள பகுதியைக் கழற்றி வையுங்கள். ஆற்றோர மதில் விழுந்திருந்தால், விழுந்த திசையும் அடிமண்ணும் தெரியும்படி எடுங்கள். தண்ணீரின் வேகத்தில் விழுந்ததா, அடிமண் அரித்து விழுந்ததா என்பதில்தான் இழப்பீடே நிற்கும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கும்படி இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் தீர்மானிக்க முடியும், கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. ஐஆர்டிஏஐயின் உதவி எண் 155255. டியூப் மட்டத்தில் எடுத்த உயரமும், வாங்கும்போது எடுத்த படங்களும், விற்பவர் கொடுத்த கோப்பும் இருந்தால் மனுவோடு சேர்த்து அனுப்புங்கள்.